ஐஆர்எஃப்510 பிராட்பேண்ட் ஆம்ப்ளிஃபையர்: கிருஷ்ணகிரி மாடியில் நாலு வருடம்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடி அறையில், ஹாம் ரேடியோ சிக்னலைப் பெருக்கும் இந்த ஆம்ப்ளிஃபையர் ஓட ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. உதிரிப் பாகங்கள் அடங்கிய கிட்டாக வாங்கி நானே சாலிடர் வைத்தது. அலையின் ஒரு பாதியை ஒன்றும் மறுபாதியை மற்றொன்றும் பெருக்கும் புஷ்-புல் முறையில் இரண்டு ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), 24 வோல்ட் சப்ளை. என் ஹாம் ரிக்கிலிருந்து (ரேடியோ செட்) 3 வாட் கொடுத்தால் 7 மெகாஹெர்ட்ஸில் 45 வாட் வரை வருகிறது. 14-இல் கொஞ்சம் குறையும், 28-இல் பாதிகூடத் தேறாது. இது கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்சிங் வேலைக்கென்றே வந்த மாஸ்ஃபெட், அலைவரிசை மேலே போகப் போக வலு குறையத்தான் செய்யும். கொடுத்த காசுக்கு எனக்கு முழுத் திருப்தி.

பிராட்பேண்ட், அதாவது பல அலைவரிசைகளுக்கும் ஒரே சர்க்யூட் என்பதால் பேண்டுக்குப் பேண்டு டியூன் செய்யும் வேலை கிடையாது. ஆனால் உள்ளே எது வந்தாலும் அது பெருக்கித் தள்ளும், தன் பங்குக்கு ஹார்மோனிக்ஸும் (அதே அலைவரிசையின் இரண்டு, மூன்று மடங்கில் வரும் சிக்னல்கள்) சேர்க்கும். புஷ்-புல்லில் இரண்டாவது ஹார்மோனிக் பெரும்பாலும் அடங்கிவிடும், மூன்றாவது அடங்காது. 7.1-இல் பேசினால் 21.3-இலும் சிக்னல் இருக்கும். அதை மறிக்கத்தான் லோ பாஸ் ஃபில்டர், பேண்டுக்கு மேலே இருப்பதை அது தடுத்துவிடும். பேண்டை மாற்றும்போது அந்த ஃபில்டரையும் கையால் மாற்ற வேண்டும்.

நான் அடிபட்டது அங்கேதான். வாங்கிய மூன்றாம் மாதம், ஒரு ஞாயிறு காலை. 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) பேசி முடித்து ரிக்கை 20 மீட்டர் பேண்டுக்கு (14 மெகாஹெர்ட்ஸ்) திருப்பினேன். ஃபில்டர் குமிழ் 40-லேயே நின்றது. பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தினேன். 14 மெகாஹெர்ட்ஸை அந்த ஃபில்டர் வெளியே விடாது, போன பவர் மாஸ்ஃபெட்டுக்கே திரும்பி வந்தது. 'டப்' என்று ஒரே சத்தம். மூடியைக் கழற்றினால் ஒரு மாஸ்ஃபெட்டின் நெற்றியில் நெல் அளவு வெடிப்பு, அறை முழுக்கக் கருகல் வாடை. பவர் திரும்பி வருவதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் எச்சரிக்கவே இல்லை. அதை நான் ஃபில்டருக்கு அப்புறம், ஆண்டெனா பக்கம் வைத்திருந்தேன். ஃபில்டருக்கு முன்னால் நடப்பது அதற்கு எப்படித் தெரியும்? இப்போது என் கை முதலில் ஃபில்டர் குமிழுக்குப் போகும், பிறகுதான் ரிக்குக்கு. முதல் தடவை அழுத்துவது ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடில், குறைந்த பவரில்.

மாஸ்ஃபெட்டை மாற்றும்போது ஜோடியாகவே மாற்றினேன். இதன் முதுகுத் தகடுதான் டிரெயின், அதாவது சப்ளை வோல்ட் வரும் முனை; நடுவே கரண்டைத் தடுக்கும் மைக்கா இல்லாமல், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கில் முறுக்கினால் ஷார்ட். மாஸ்ஃபெட்டின் ஓய்வுக் கரண்டை அமைக்கும் பயஸ் பிரீசெட்டை முழுக்க இறக்கி வைத்துவிட்டுத்தான் சப்ளை கொடுக்க வேண்டும். ரிக்கிலிருந்து சிக்னல் கொடுக்காமல், மல்டிமீட்டரைத் தொடரில் வைத்து, ஒவ்வொன்றையும் 100 மில்லியாம்பியருக்குக் கொண்டுவந்தேன். சூடு ஏறினால் இந்தக் கரண்டும் ஏறும், கரண்டு ஏறினால் சூடு இன்னும் ஏறும். அதைப் பிடித்து இறக்கத்தான் போர்டில் ஒரு டயோடு இருக்கிறது. என் கிட்டில் அது காற்றில் நின்றுகொண்டிருந்தது. காலை வளைத்து ஹீட் சிங்கோடு ஒட்டினேன், அன்றிலிருந்து கரண்டு நிலையாக நிற்கிறது.

நம் ஊர்க் கிரானைட் தூசியையும் சொல்ல வேண்டும். ஃபேன் இழுக்கிற மாவு போன்ற தூள் ஹீட் சிங்க் இடுக்குகளை அடைத்துவிடுகிறது. மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுக்கிறேன்.

45 வாட் என்பது 50 ஓம் கேபிளில் 47 வோல்ட்தான். டைபோல் ஆண்டெனாவின் நுனியில் கதை வேறு, அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். அங்கே கை பட்டால் வரும் ஆர்எஃப் (ரேடியோ அலை) சூடு வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் பொசுக்கியிருக்கும். என் 20 மீட்டர் நீளக் கம்பியின் ஒரு நுனி, அம்மா துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் தொங்கியது. இரண்டாம் வருடம்தான் அதை இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினேன், முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் மாடிப்படியிலேயே நிறுத்திக் கேட்டார்: "தம்பி, நீ பேச ஆரம்பிச்சா எங்க டிவி ஸ்பீக்கர் கொரகொரங்குதே, என்னன்னு பாரேன்." ஸ்பீக்கர் ஒயரில் ரேடியோ சிக்னலை மறிக்கும் ஃபெரைட் கிளிப் இரண்டு மாட்டியதும் நின்றது. அவர் கேட்காமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

சித்திரை, வைகாசியில் மேற்கே இடிமேகம் கட்டினாலே ஆண்டெனா கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறேன். அடுத்து, ஆம்ப்ளிஃபையருக்கும் ஃபில்டருக்கும் நடுவே இன்னொரு எஸ்டபிள்யூஆர் சென்சார் வைத்து, அளவு தாண்டினால் பிடிடியைத் துண்டிக்கும் ரிலே ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன்.