இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவை: கடலுக்குப் போகும் சேலத்து நீச்சல்காரர்களுக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் இடுப்பளவைத் தாண்டிப் போய் நீந்துகிற பழக்கம் இருந்தால் இந்த மிதவையை வாங்கலாம், கொடுத்த 1,450 ரூபாய்க்கு எனக்குத் திருப்திதான். ஆனால் பக்கத்தில் ஜெட் ஸ்கியும் (பைக் மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற நீர் வண்டி) பனானா போட்டும் (ஸ்பீடு போட் கயிறு கட்டி இழுக்கிற, காற்றடைத்த நீளப் படகு) ஓடுகிற கடற்கரை என்றால், இடுப்பில் இது இருக்கிறதே என்ற தைரியத்தில் உள்ளே இறங்காதீர்கள். அதற்கான காரணத்தைத்தான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் ஆன்லைனில் இதற்கு வந்திருக்கிற விமர்சனங்களில் நான் பார்த்தவரை நிறம் நன்றாக இருக்கிறது, டெலிவரி சீக்கிரம் வந்தது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பொருள் இதுதான். ஆரஞ்சு நிற பிவிசி பை, வாயால் ஊதினால் ஒன்றரை அடி நீளத்துக்கு உப்பும். இடுப்புக்கு ஒரு பெல்ட், பெல்ட்டிலிருந்து ஒரு நாடா, நாடாவின் நுனியில் மிதவை. நாம் நீந்த நீந்தப் பின்னாலேயே வரும், இழுக்கிற மாதிரியே இருக்காது. கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவார்களே, பார்த்தவுடன் அதுதான் ஞாபகம் வரும், ஆனால் வேலை வேறு. சுரைக்குடுக்கை ஆளைத் தாங்கும், இது ஆளை மற்றவர்களுக்குக் காட்டும். களைத்துப் போனால் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், அவ்வளவுதான். மயங்கிவிட்டால் முகத்தை மேலே திருப்பி வைக்காது. அது லைஃப் ஜாக்கெட்டின் வேலை, அதிலும் 100 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) என்று போட்டிருக்கிற வகை. 50 நியூட்டன் என்று இருப்பது நீச்சல் தெரிந்தவர்களுக்கான துணை மட்டும்தான். நீச்சல் தெரியாதவருக்கோ குழந்தைக்கோ இந்த மிதவையைக் கட்டி இறக்கவே கூடாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது ஏன் தேவை என்று சொல்கிறேன். ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் நீச்சல் தெரிந்த முக்கால்வாசிப் பேர் கிணற்றில் பழகியவர்கள். கிணற்றில் ஆபத்து மேலேயிருந்துதான் வரும், எவனாவது பார்க்காமல் குதிப்பான், அதனால் கண் தானாக மேலே போகும். பக்கவாட்டில் ஏதாவது வேகமாக வரும் என்ற நினைப்பே நமக்குக் கிடையாது. அதே ஆள் உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் வழியாக ராத்திரி முழுக்க வேன் ஓட்டி, விடிந்ததும் பாண்டிச்சேரி பக்கம் கடலில் இறங்குகிறார். நீச்சலில் குறையே இல்லை, ஜம்மென்று உள்ளே போகிறார். நூறடி தள்ளி ஒரு பையன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெட் ஸ்கி ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

மிதவை வந்ததும் பூலாம்பட்டிக்கு எடுத்துப் போனோம். சேலம் மாவட்டக் கரையிலிருந்து காவிரியைக் கடந்து எதிரே ஈரோடு மாவட்டத்து நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போகும், கதவணையில் தேங்கிய தண்ணீர் என்பதால் அலையே இருக்காது. நண்பன் கரையோரம் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டான், நான் படகில் ஏறி, ஓட்டுகிற அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். மிதவை இல்லாமல் அவன் கழுத்து வரை முங்கியதும், வெயில் தண்ணீரில் பட்டுப் பளபளத்த இடத்தில் காணாமல் போய்விட்டான். எங்கே நிற்கிறான் என்று தெரிந்த எனக்கே தேட வேண்டியிருந்தது. மிதவையைப் பக்கத்தில் விட்டதும் பளிச்சென்று தெரிந்தது, தேடவே வேண்டாம். படகோட்டி அண்ணனே, 'இது நல்லா இருக்குதே, எங்க வாங்குனீங்க?' என்று கேட்டார். அசையாத தண்ணீரிலேயே தலை மறைகிறது என்றால், அலை ஏறி இறங்கும் கடலில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக, பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரிய வைக்கிற வேலையை இது செய்கிறது. ஆனால் அவன் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு வண்டியைத் திருப்பத் தெரிய வேண்டும். இதை விற்கிறவர்கள் சொல்வதில்லை.

ஜெட் ஸ்கிக்கு வெளியே சுற்றும் புரொப்பெல்லர் கிடையாது. அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சுகிறது, அந்தக் குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதை வைத்துத்தான் வண்டியும் திரும்பும். அப்படியென்றால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பீய்ச்சும் தண்ணீர் நின்றுவிடும், ஹேண்டில்பாரை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். புது மாடல்கள் சிலவற்றில் இதற்கு மாற்று ஏற்பாடும் பிரேக்கும் வந்திருக்கின்றன, ஆனால் கடற்கரையில் வாடகைக்கு ஓடுகிற பழைய வண்டியில் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. இப்போது முதல் தடவை ஓட்டுகிறவனை நினைத்துப் பாருங்கள். எதிரே ஒரு தலை தெரிகிறது, பயத்தில் கை தானாக ஆக்சிலரேட்டரை விடும், ஏனென்றால் பைக்கில் அப்படித்தான் பழகியிருக்கிறான். அதோடு திருப்பும் சக்தியும் போய்விட்டது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 11 மீட்டர். உங்கள் ஆரஞ்சு மிதவையை அவன் 50 மீட்டரில் பார்த்தாலும் கையில் இருப்பது நாலரை நொடி, அந்த நாலரை நொடியில் அவன் தன் பழக்கத்துக்கு நேர்மாறாக, ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டே திருப்ப வேண்டும். இதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பனானா போட்டை இழுக்கிற ஸ்பீடு போட்டில் பிரச்சினை வேறு மாதிரி. வேகம் எடுக்கும்போது முன்பக்கம் தூக்கும், அந்த நேரம் ஓட்டுநருக்கு நேர் முன்னால் இருக்கிற தண்ணீர் தெரியாது. கூடவே பின்னால் கயிற்றில் வருகிறவர்களையும் அவர்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். படகில் இன்னொரு ஆள் பின்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால்தான் ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க முடியும். ஜாலிக்காக ஒரு வெட்டு வெட்டி ஆட்களைத் தண்ணீரில் கவிழ்த்துவிடுவார்கள், விழுந்த ஆறு பேரும் அந்த நிமிடமே படகு ஓடும் பாதையில் மிதக்கிற நீச்சல்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொள்ளும்போது எஞ்சினை முழுக்க அணைக்க வேண்டும், புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருக்கும் படகின் பக்கம் யாரும் போகக் கூடாது.

சத்தம் கேட்டு விலகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீருக்குள் ஒலி காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும், இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. எஞ்சின் இரைச்சல் எல்லாப் பக்கமும் கேட்கிற மாதிரி இருக்கும். அந்த நேரம் நீச்சலை நிறுத்தி, தலையை முழுக்க வெளியே எடுத்து, மிதவையை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுங்கள். பெல்ட்டில் கட்டி அனுப்பியிருக்கும் விசில் எஞ்சின் ஓட்டுகிறவர் காதில் விழாது, அதைக் கரையில் இருப்பவர்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழு கிழக்குக் கரையில் ஒரு இடத்தில் இறங்கப் போனபோது, குளிக்கிற கூட்டத்துக்கு நடுவிலிருந்தே ஜெட் ஸ்கியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். குளிக்கிற இடத்தைப் பிரித்துக் காட்டும் மிதவைக் கோடு இல்லை, கொடி இல்லை. வண்டிக்காரத் தம்பியிடம், 'குளிக்கிறவங்க எதுவரைக்கும், உங்க வண்டி எதுவரைக்கும் தம்பி?' என்று கேட்டேன். 'அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்ண்ணா, பயப்படாதீங்க' என்றான். நல்ல பையன்தான், சிரித்த முகம். ஆனால் அவன் பின்சீட்டில்கூட உட்காராமல் வாடிக்கையாளரைத் தனியாக அனுப்பிக்கொண்டிருந்தான். ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்ட வேண்டிய சுருள் கயிறு, அதாவது ஆள் விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடும் கயிறு, ஹேண்டில்பாரிலேயே சுற்றிக் கிடந்தது. அந்தக் கயிறு போதும், அந்தக் கடை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள. நாங்கள் யாரும் அங்கே இறங்கவில்லை, கூட வந்த பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போனது, பரவாயில்லை.

காப்பாற்றுவது தூரமும் வேகக் கட்டுப்பாடும்தான். பிரான்சில் கரையிலிருந்து 300 மீட்டருக்குள் எந்தப் படகும் 5 நாட் (knot, கடல் வேக அளவு) வேகத்துக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த வேகத்தில் முதல் தடவை ஓட்டுகிறவனுக்கும் யோசிக்க நேரம் இருக்கும். விதியைக் காகிதத்தில் வைத்துக்கொண்டால் போதாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2000 டிசம்பர் 18 அன்று மெக்சிகோவின் கோசுமெல் தீவில், வேகப் படகுகளுக்கு அனுமதி இல்லாத முக்குளிப்புப் பகுதியில் தன் இரண்டு மகன்களோடு முக்குளித்து மேலே வந்த பிரிட்டிஷ் பாடகி கிர்ஸ்டி மெக்கால் மேல் விசைப்படகு மோதியது, அங்கேயே இறந்துபோனார். தடை இருந்தது, படகு அதற்குள் வந்துவிட்டது. அவர் பெயருக்கு நியாயம் கேட்டு அவர் குடும்பம் வருடக்கணக்கில் போராடியது.

அதனால் கடற்கரைக்குப் போனதும் பையைக் கீழே வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியது கொடி. சிவப்பும் மஞ்சளும் பாதிப் பாதியாக இருக்கும் கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் உயிர்காப்பாளர் கண்காணிப்பு இருக்கிறது, அங்கே மட்டும் இறங்குங்கள். சென்னைக்குத் தெற்கே கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் 2021-ல் நீலக்கொடிச் சான்று (Blue Flag, தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று) வாங்கின, குளிப்பவர்களும் மற்ற விளையாட்டுகளும் ஒன்றோடொன்று மோதாதபடி நிர்வகிக்க வேண்டும் என்பது அந்தச் சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. குடும்பத்தோடு போகிறவர்கள் அந்த மாதிரி இடத்தைத் தேடிப் போகலாம். ஜெட் ஸ்கி ஏற ஆசைப்பட்டால் ஓட்டுநரின் லைசென்ஸைக் கேளுங்கள். விசைப்படகு ஓட்டவும் ஆளைக் காப்பாற்றவும் கோவாவில் இருக்கிற தேசிய நீர்விளையாட்டு நிறுவனம் பயிற்சி கொடுத்துச் சான்று தருகிறது, முறையாகத் தொழில் செய்கிறவர் அதைக் காட்டத் தயங்க மாட்டார்.

அப்புறம் நம் கிழக்குக் கரைக்கு மட்டும் ஒரு விஷயம். காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கும், கரையிலிருந்து உள்ளே போகிற ஓட்டுநருக்குக் கண் கூசும், ஆரஞ்சு மிதவையும் அந்த ஒளியில் கருப்பாகத்தான் தெரியும். சாயங்காலம் இது தலைகீழ், கரைக்குத் திரும்பி வருகிறவருக்குக் கூசும். சேலத்திலிருந்து ராத்திரி கிளம்பிப் போகிற நாம் எல்லோரும் சரியாக விடியற்காலையில்தான் இறங்குகிறோம், வெயில் கொஞ்சம் ஏறட்டும்.

இனி மிதவையின் குறைகள். பெல்ட்டின் பூட்டு ஈரக் கையில் சட்டென்று கழலுவதில்லை, இது எனக்குப் பிடிக்கவே இல்லை, நாடா எதிலாவது மாட்டினால் ஒரே அழுத்தில் கழன்றாக வேண்டும். வாங்கியதும் உட்கார்ந்து பத்து முறை கழற்றிப் பழகுங்கள். நாடா நீளம், திரும்பும்போது காலில் தட்டுகிறது, ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்கிவிட்டேன். அலை உடைகிற இடத்தில் முகத்தில் வந்து அடிக்கும், அதைத் தாண்டும்வரை கையில் பிடித்துக்கொள்ளலாம். காற்றறை இரண்டாக இருக்கும் மாடலையே வாங்குங்கள், ஒன்று ஓட்டையானால் மற்றது மிதக்கும். நீல நிறத்தில் விற்பது வீண், கடலில் தெரியாது. வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, வால்வில் மணல் இல்லாமல் துடைத்து, நிழலில் காயப்போடுங்கள். ஊதிய நிலையில் காருக்குள் விட்டுவிட்டு வராதீர்கள், சேலத்து ஏப்ரல் வெயிலில் உள்ளே காற்று விரிந்து ஒட்டிய இடம் பிரிந்துவிடும்.