"திருந்திய ஹேக்கர்" பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று வந்தால் பதில்கூடப் போடாதீர்கள்

ஆன்லைன் மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். நான் முதலில் ஏமாந்தது ஒரு போலி டிரேடிங் ஆப்பில். அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்து வருகிறவனைப் பற்றி. போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று வந்து, மிச்சம் இருந்ததையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனவனைப் பற்றி.

புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தது. "அக்கா, உங்களை ஏமாத்தின மாதிரி ஒரு கும்பல்லதான் நானும் இருந்தேன். ஜெயிலுக்குப் போய்த் திருந்திட்டேன். இப்ப ஏமாந்தவங்களுக்குப் பணத்தை மீட்டுக் கொடுக்கிறதுதான் என் வேலை." எந்த ஆப்பில் போட்டேன், ஏறக்குறைய எவ்வளவு போனது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதில் மாயம் எதுவும் இல்லை. ஏமாந்தவர்களின் பெயர், நம்பர், இழந்த தொகை எல்லாம் பட்டியலாக மோசடிக் கும்பல்களுக்குள் கைமாறுகின்றன. முதலில் ஏமாற்றியவர்களே வேறு நம்பரில் திரும்பி வருவதும் உண்டு.

அவன் உடனே பணம் கேட்கவில்லை. முதலில் கோர்ட் உத்தரவு என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினான். அதில் அவன் பெயர் இருந்த வரியின் எழுத்து மட்டும் மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தது. பிறகு ஒரு வாய்ஸ் நோட். அம்மா தன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார், செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் இதைச் செய்கிறேன் என்று குரல் தழுதழுக்கச் சொன்னான். ஏமாந்த வலியில் இருக்கிறவர்களுக்கு இந்தக் குரல் என்ன செய்யும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஊரே "எப்படி நம்பின?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, "உங்க மேல தப்பே இல்லக்கா" என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

அடுத்து ஒரு லிங்க். திறந்தால் என் பெயரில் ஒரு பக்கம், "மீட்கப்பட்ட தொகை" என்று ஓர் எண். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது ஏறிக்கொண்டே போகும். கீழே பணத்தை எடுப்பதற்குப் பச்சை பட்டன். அழுத்தினால் வாலட்டை, அதாவது பணம் சேரும் டிஜிட்டல் பையை, ஆக்டிவேட் செய்யக் கட்டணம் என்றது. கட்டியதும் வரி. அதன் பிறகு ஏதோ கிளியரன்ஸ் சான்றிதழ். ஒவ்வொரு முறையும் "இதுதான் கடைசிக்கா" என்றான். மீட்ட பணத்திலேயே கழித்துக்கொள் என்றேன். "அது லாக் ஆகி இருக்குக்கா, வெளியே இருந்துதான் கட்டணும்" என்று பதில் வந்தது. இந்த ஒரு பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே பணம் கையில் இருப்பவன், தன் கூலியை அதிலேயே எடுத்துக்கொள்வான்.

கடைசியாக, தூரத்தில் இருந்தபடியே நம் போனை இயக்க விடும் எனி டெஸ்க் என்ற ஆப்பைப் போடச் சொன்னான். மறுத்தவுடன் குரல் மாறியது. "ஹேக்கரோட சேர்ந்து வேலை பார்த்திருக்கீங்க, போலீஸுக்குப் போனா நீங்களும் உள்ளதான்" என்றான். பயந்து ஒதுங்கிவிடாதீர்கள். ஏமாற்றப்பட்டவர் புகார் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே சொல்லப்படும் மிரட்டல் அது.

ஹேக் செய்து பணத்தைத் திரும்ப எடுப்பது என்பதே சுத்தப் பொய். மோசடிப் பணம் சில நிமிடங்களிலேயே கூலிக்கு வாங்கிய மற்றவர்களின் வங்கிக் கணக்குகள் வழியாகப் பிரிந்து, பணமாக எடுக்கப்படும் அல்லது கிரிப்டோவாக மாறிவிடும். கிரிப்டோ கைமாறுவதைப் பதியும் பொதுக் கணக்கேடான பிளாக்செயினில் உறுதியான பரிவர்த்தனையை யாராலும் ரத்து செய்ய முடியாது. பணம் ஏதாவது ஒரு வங்கியிலோ கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலோ நிற்கும்போதே முடக்கினால்தான் உண்டு. அதை அந்த நிறுவனமும் போலீஸும் கோர்ட்டும்தான் செய்ய முடியும்.

திருந்தியவர்களே உலகத்தில் இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரபல ஹேக்கர் கெவின் மிட்னிக் 1995இல் அமெரிக்காவில் கைதாகி, 2000இல் வெளியே வந்தார். அதற்குப் பிறகு, நிறுவனங்களே கேட்டுக்கொண்டதன் பேரில் அவற்றின் பாதுகாப்பைச் சோதித்துக் கொடுப்பதைத் தொழிலாக்கிக்கொண்டார். திருட்டு கார்டு விவரங்களை விற்ற ஷேடோக்ரூ கூட்டத்தில் இருந்த பிரெட் ஜான்சன், 2005இல் பிடிபட்டு, நிதி மோசடிகளையும் விசாரிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான சீக்ரெட் சர்வீஸுக்குத் தகவல் சொல்பவராக மாறினார். அப்போதும் அவர்கள் அலுவலகத்தில் இருந்தபடியே வரி மோசடியைத் தொடர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தப்பியோடி, மறுபடி பிடிபட்டு, சிறையில் இருந்த பிறகுதான் அவர் பாதை மாறியது. இன்று மோசடி எப்படி நடக்கிறது என்று நிறுவனங்களுக்கு எடுத்துச் சொல்கிறார்.

அதே ஷேடோக்ரூவில் இருந்த ஆல்பர்ட் கொன்சாலஸ் கதை வேறு. 2003இல் கைதாகி, சீக்ரெட் சர்வீஸுக்கு உளவு சொன்னார். 2004இல் ஷேடோக்ரூவையே மடக்க உதவினார். திருந்திவிட்டார் என்றுதான் அவர்கள் நம்பினார்கள். அவரோ மறுபக்கம் கோடிக்கணக்கான கார்டு எண்களைத் திருடிக்கொண்டிருந்தார். 2010இல் 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கூடவே வைத்து வேலை வாங்கிய புலனாய்வு அதிகாரிகளுக்கே ஒருவர் திருந்திவிட்டாரா என்று தெரியவில்லை என்றால், ஒரு வாய்ஸ் நோட்டை வைத்து நாம் எப்படித் தெரிந்துகொள்வது? மிட்னிக்கோ ஜான்சனோ என்ன வழக்கில் சிக்கினார்கள், என்ன தண்டனை என்பது ஊரறிந்த விஷயம். உண்மையாகவே அந்த வழியிலிருந்து வெளியே வந்தவர், பணத்தைப் பறிகொடுத்தவரின் இன்பாக்ஸுக்கு வந்து கட்டணம் கேட்க மாட்டார்.

அமெரிக்காவில் தொலைபேசி வழி விற்பனைக்கான விதி ஒன்று இருக்கிறது. இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்பவர், பணம் உரியவர் கையில் சேர்ந்து ஏழு வேலை நாட்கள் கழியும் முன் கட்டணம் கேட்கவே கூடாது. இந்த மீட்பு மோசடி எவ்வளவு பழையது என்பதற்கு அந்த விதியே சாட்சி. 2025 ஏப்ரலில் எஃப்பிஐ, தன்னுடைய இணையக் குற்றப் புகார் மையத்தின் பெயரைச் சொல்லியே ஏமாந்தவர்களை மறுபடி ஏமாற்றுகிறார்கள் என்று எச்சரித்தது. ஆக, அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? வங்கியை இப்போதே கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆவது பெரிய வித்தியாசம். எனி டெஸ்க் மாதிரி எதையாவது போட்டிருந்தால் நெட்டைத் துண்டித்து, அதை நீக்கி, வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கிரிப்டோ வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களைக் கொடுத்திருந்தால் மிச்சம் இருப்பதைப் புது வாலட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஆத்திரத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். நம்பர், வாய்ஸ் நோட், பணம் போன கணக்கு எண், வாலட் முகவரி எல்லாவற்றையும் சேர்த்து இரண்டாவது புகாராகக் கொடுங்கள். முதல் புகாரின் எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள். இரண்டு கும்பலும் ஒன்றா என்று விசாரிக்க அது உதவும். நான் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். அந்த நம்பர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, புரொஃபைல் படம் மட்டும் மாறியிருக்கிறது.