மீன் பெட்டி மூடிக்கு டிக்கி ஷாக்: இரண்டு ஆடி தாண்டிய அனுபவம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போய்விடலாம். மேட்டூர் அணை மாதிரி நல்ல தண்ணியில் ஓடுகிற படகில் மீன் பெட்டி மூடியைத் தூக்கி நிறுத்த, கடல் படகுக்கென்று விற்கிற விலை கூடிய எவர்சில்வர் கேஸ் ஷாக் தேவையில்லை. கார் டிக்கிக்குப் போடுகிற கறுப்பு பெயின்ட் அடித்த சாதா உருப்படியே போதும். ஆனால் அளவெடுத்து வாங்கணும், கம்பி கீழே இருக்கிற மாதிரி மாட்டணும். இது இரண்டும் தவறினால் என்ன விலை கொடுத்து வாங்கினாலும் வீண்.

எங்களுடையது பழைய பைபர் படகு. மச்சான் கடலூர்ப் பக்கம் கைமாற்றாக வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது. கொளத்தூர்ப் பக்கம் பண்ணவாடித் துறையை ஒட்டி நிற்கும். எதிர்க்கரையில் நாகமரை, அது தர்மபுரி மாவட்டம். இங்கே வலை போடுகிறவர்கள் பெரும்பாலும் பரிசல்காரர்கள். அவர்கள் பிடிக்கிற கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தியை வாங்கி ஐஸில் போட்டுக் கரை சேர்ப்பதுதான் இந்தப் படகுக்கு வேலை. நடுவில் பெரிய ஐஸ் பெட்டி. அதன் மூடி இரட்டைப் பைபர், உள்ளே தெர்மாகோல். கழற்றித் தராசில் வைத்தபோது 18 கிலோ காட்டியது. வலது பக்கம் மட்டும் ஒரே ஒரு கேஸ் ஷாக் அந்த மூடியைத் தாங்கிக்கொண்டிருந்தது, பழைய முதலாளி போட்டது.

அது ஒரே நாளில் சாகவில்லை. விடிகாலையில் தூக்கி விட்டால் மூடி மெல்ல இறங்கும், மத்தியானம் தூக்கினால் நிற்கும். இப்படி நேரத்துக்கு ஒரு மாதிரி நடந்துகொண்டால், உள்ளே வாயு குறைந்துவிட்டது என்று அர்த்தம். வெயிலில் மிச்ச வாயு விரிந்து எப்படியோ சமாளிக்கிறது, குளிரில் முடியவில்லை. அப்புறம் கம்பியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. அதற்கப்புறம் மூங்கில் கழி முட்டுக் கொடுத்து வேலை பார்த்தோம். மீனை எடை போட வந்த ஒரு பெரியவர், "ஏந் தம்பி, மூடியப் புடிக்கவே ஒராளு வேணும்னா மீன எவன் அள்றது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதைவிடப் பெரிய கவலை கழி நழுவுவது. 18 கிலோ மூடியின் விளிம்பு விரல் மேல் விழுந்தால் எலும்பு மிஞ்சாது.

இந்த ஷாக்குக்குள் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. மூடிய குழாய், அழுத்தி அடைத்த நைட்ரஜன், கொஞ்சம் எண்ணெய், ஒரு கம்பி, கம்பி வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் சீல். மொத்த உயிரும் அந்தச் சீலில்தான். சீல் எப்போதும் எண்ணெயில் நனைந்திருந்தால் பல வருஷம் உழைக்கும், காய்ந்தால் வாயு கசியும். குழாய் மேலேயும் கம்பி கீழேயுமாக இருந்தால் எண்ணெய் தானாக இறங்கிச் சீல் மேல் நிற்கும். மூடி முழுக்கத் திறக்கும் கடைசி இடத்தில் டக்கென்று அடிக்காமல் மெதுவாகப் போய் நிற்பதும் அந்த எண்ணெயால்தான். எங்கள் பழைய ஷாக் தலைகீழாக இருந்தது. கம்பி மூடிப் பக்கம், குழாய் பெட்டிப் பக்கம். போதாததற்கு, கவிச்சி போகட்டும் என்று படகு சும்மா நிற்கிற நாளெல்லாம் மூடியைத் திறந்தே வைத்திருப்பார்கள். சீல் காய இதைவிட வேறென்ன வேண்டும்?

வாங்கப் போகும் முன் எழுதிக்கொண்டது நாலு விஷயம். முழுக்க நீட்டியபோது முனைக்கு முனை நீளம், கம்பி எவ்வளவு தூரம் உள்ளே போகிறது, முனைக் கிண்ணம் மாட்டுகிற பிடியின் உருண்டைக் குண்டு எத்தனை மில்லிமீட்டர், குழாய் மேல் அச்சடித்த எண். அந்த எண்ணுக்குப் பின்னால் N என்ற ஆங்கில எழுத்து இருக்கும், நியூட்டன் கணக்கு. சுமாராகப் பத்தில் வகுத்தால் கிலோ. 400 என்றால் நாற்பது கிலோ அழுத்தம்.

பழைய எண்ணையே கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தவர் கம்பியையே தலைகீழாக மாட்டியவர். அதனால் கணக்குப் போட்டேன். கீலிலிருந்து மூடியின் அகலம் 80 செ.மீ., ஆகவே எடை மையம் 40 செ.மீ.யில். மூடி பாதி திறந்து 45 டிகிரியில் நிற்கும்போது அந்த மையம் கீலிலிருந்து படுக்கைவாட்டில் 28 செ.மீ. தள்ளி இருக்கும். 18 கிலோ என்பது ஏறக்குறைய 176 நியூட்டன். இரண்டையும் பெருக்கினால் 50 நியூட்டன் மீட்டர் கிட்ட வரும். மூடியைக் கீழே இழுப்பது இது. மேலே தள்ளும் ஷாக்கின் கோட்டுக்கும் கீலுக்கும் நடுவே செங்குத்துத் தூரத்தை அதே நிலையில் அளந்தால் 17 செ.மீ. 50ஐ 0.17ஆல் வகுத்தால் 294. மேலே ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொண்டால் சுமார் 350 நியூட்டன். ஒன்றாகப் போடலாம், இரண்டாகவும் போடலாம்.

இரண்டாகத்தான் போடணும் என்பது என் கட்சி. ஒற்றை ஷாக் மூடியை ஒரு பக்கமாகவே தள்ளும், மூடி முறுக்கிக்கொள்ளும். எங்கள் மூடியில் எதிர்ப்பக்கத்துக் கீலின் ஓட்டை நீள்வட்டமாகவே தேய்ந்து போயிருந்தது. இரண்டு போட்டால் ஒன்று செத்தாலும் இன்னொன்று மூடியை மெல்லவாவது இறக்கும், தலையில் போடாது. பாதிக்குப் பாதி 175 வரும். கடையில் இருந்தது 150, இல்லையென்றால் 200. 200ஐ எடுத்தேன்.

சேலத்தில் கார் உதிரிபாகக் கடையில் போய் "கேஸ் ஸ்ட்ரட்" என்று கேட்டாலும் கொடுப்பார்கள், "டிக்கி ஷாக்" என்று கேட்டால் இன்னும் சீக்கிரம் கொடுப்பார்கள். முதலில் கேட்கிற கேள்வி "எந்த வண்டிக்குங்ணா?" என்பதுதான். வண்டி இல்லை, படகு என்றதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பழசை வாங்கி டேப் வைத்து அளந்து, கொஞ்ச நேரம் உள்ளே தேடிவிட்டு ஒரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தார். எட்டு மில்லிமீட்டர் கம்பி, பதினெட்டு மில்லிமீட்டர் குழாய், முனையில் பத்து மில்லிமீட்டர் குண்டுக்கான கிண்ணம். ஜோடி ஆயிரத்து சொச்சம். கடல் படகுக்கான 316 கிரேடு எவர்சில்வர் வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து வரவழைக்கணும், விலை பல மடங்கு. 316இல் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். உப்புத் தண்ணியில் புள்ளி புள்ளியாக அரிப்பதைத் தடுக்க அது அவசியம். காவிரித் தண்ணியில் அந்த அளவுக்கு உப்பு ஏது? ஐஸில் கல் உப்பு கலக்கிற பழக்கம் இருப்பவர்கள் மட்டும் வேறு மாதிரி யோசிக்கணும்.

மாட்டுவதில் ஷாக்கைவிடப் பிடிமானத்துக்குத்தான் நேரம் போனது. பழைய பிடியை வெறும் ஸ்குருவால் பைபரில் முடுக்கியிருந்தார்கள், இழுத்து இழுத்து ஓட்டை பொடிந்துவிட்டது. பைபர் அழுத்தத்தைத் தாங்கும், ஒரே புள்ளியில் பிடித்து இழுப்பதைத் தாங்காது. செவ்வாய்பேட்டை இரும்புக் கடையில் மூன்று மில்லிமீட்டர் எவர்சில்வர் தகடு வெட்டி வாங்கி, சுவருக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்து, ஊடே எட்டு மில்லிமீட்டர் போல்ட் போட்டு அதிர்வில் தளராத நைலாக் நட்டால் முடுக்கினோம். ஓட்டையின் உள்விளிம்பில் ரெசின் தடவினோம். அதை விட்டுவிட்டால் ஐஸ் தண்ணி ஓட்டை வழியாக ஊறி உள்ளே போய்த் தெர்மாகோலை நாசம் பண்ணிவிடும்.

கழற்றுவது சுலபம். மூடிக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டு, கிண்ணத்தின் முதுகில் இருக்கிற கம்பிக் கிளிப்பைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் குண்டிலிருந்து கழன்றுவிடும். கிளிப்பை முழுசாகப் பிடுங்க வேண்டாம், தண்ணிக்குள் துள்ளிப் போனால் போனதுதான். புதுசைக் கையால் அமுக்கிப் பார்க்கவும் முயல வேண்டாம். 200 நியூட்டனைச் சும்மா கையில் பிடித்து அமுக்க முடியாது, வழுக்கினால் முகத்துக்கு வரும். மூடியை முழுக்கத் திறந்த நிலையில் நிறுத்தி, ஷாக் நீண்டபடியே மாட்டுவதுதான் வழி.

இரண்டு ஆடிப்பெருக்கு போய்விட்டது. மூடி இன்றும் ஒற்றை விரலில் எழுகிறது. முதல் கால்வாசி மட்டும் கை கொடுக்கணும், அப்புறம் தானாகப் போய் நிற்கும். சித்திரை வெயிலில் கொஞ்சம் துடுக்காக எழும், மூடும்போது உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொடுக்கணும். 200க்குப் பதில் 150 எடுத்திருந்தால் மார்கழி விடிகாலையில் திண்டாடியிருப்போம், அதனால் இந்தத் துடுக்கு எனக்குச் சம்மதமே.

வெப்பத்தின் கணக்கு இது: குழாயில் அச்சடித்த எண் 20 டிகிரிக்கு உரியது. அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அழுத்தம் சுமார் 3.4 சதவீதம் கூடும், கீழே போனால் அதே அளவு குறையும். சேலத்தில் 40 டிகிரி அடிக்கிற மத்தியானத்துக்கும் ஏற்காட்டில் 12 டிகிரிக்கு இறங்குகிற காலைக்கும் நடுவே கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஏற்காட்டில் மிளகு, காபி ஏற்றுகிற என் நண்பனின் வேன் டிக்கி, கீழே சேலம் அஸ்தம்பட்டியில் நன்றாக நிற்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் மறுநாள் காலை திறந்தால் அவன் தோளில்தான் நிற்கும். அவனுக்கு நான் சொன்னது ஒன்றே: மலையில் நிற்காத ஷாக் சமவெளியிலும் சீக்கிரமே நிற்காது, இப்போதே மாற்று.

குறை இல்லாமல் இல்லை. குழாயின் கறுப்பு பெயின்ட் விளிம்புகளில் உரிந்து துரு எட்டிப் பார்க்கிறது. பார்வைக்கு அசிங்கம், வேலைக்குப் பாதகமில்லை. துரு கம்பியில் வந்தால்தான் கவலை, அதில் ஒரு புள்ளி இருந்தாலே சீலைக் கிழித்துவிடும். இரண்டாவது, முனைக் கிண்ணங்கள் பிளாஸ்டிக். இடது பக்கத்துக் கிண்ணத்தில் வெயில் பட்டு முடி போல ஒரு விரிசல் வந்திருக்கிறது. முனை மரையில் திருகுவதுதான் என்பதால், அதை மட்டும் இரும்புக் கிண்ணமாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அணையின் திறந்த வெளியில் 18 கிலோ மூடி எம்மாத்திரம். நிமிர்ந்து நிற்கிற மூடியைக் காற்று பின்னால் தள்ளினால் மொத்த இழுவையும் ஷாக்கின் கம்பியிலும் குண்டிலும் விழும். ஷாக் தூக்கிக் கொடுப்பதற்கு, கடிவாளம் போட அல்ல. அதற்காக லாரி பெல்ட் துண்டு ஒன்றை வெட்டி, ஷாக் முழுக்க நீள்வதற்குச் சற்று முன்பே மூடியைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி கட்டிவிட்டோம். என் கணக்கில் மொத்த வேலையிலும் அதிகம் உழைத்தது இந்தத் துண்டு பெல்ட்தான், காசு கொடுத்து வாங்காததும் அதுதான்.

பராமரிப்பு என்றால் ஒரு துணி, அவ்வளவே. மூடியிருக்கும்போது கம்பி குழாய்க்குள் பத்திரமாக இருக்கும்; திறந்திருக்கும்போதுதான் அம்பலத்தில் நிற்கிறது. ஜூன் 12 வாக்கில் டெல்டாவுக்குத் தண்ணி திறந்தபின், 120 அடி அணையில் மட்டம் இறங்க இறங்கக் கரை தள்ளிப் போகும், வண்டல் காய்ந்து புழுதி பறக்கும். அந்தப் புழுதியும் மீன் செதிலும் வழவழப்பும் கம்பியில் ஒட்டிக் காய்ந்திருக்க, மூடியைச் சாத்தினால் அத்தனையும் சீலுக்குள் போகும். சாத்தும் முன் ஈரத்துணியால் ஒரு இழுப்பு. கிரீஸ் தடவ வேண்டாம், அது புழுதியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். குண்டு மூட்டில் மட்டும் ஒரு பொட்டு போதும்.

பழைய ஷாக்கைக் காயலான் கடையில் போட நினைப்பவர்கள், அது என்னவென்று சொல்லிவிட்டுப் போடுங்கள். மூடியைத் தாங்காவிட்டாலும் உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கும். கேஸ் கட்டர் வைத்தாலோ நெருப்பில் போட்டாலோ குழாய் வெடித்துச் சிதறும். எங்கள் பழசைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன், தன் லேத்காரரிடம் பத்திரமாகக் காற்றை இறக்கிக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.