ஸ்பின்லாக்: கையால் எழுதும் அசெம்பிளியா, கம்பைலரின் பில்ட்-இன்னா?

எங்கள் டீமில் ஒரு தம்பி, ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துபோகிறவன், ஓய்வு நேரத்தில் குட்டி கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒன்று எழுதுகிறான். "அண்ணா, லாக்குக்கு இன்லைன் அசெம்பிளி எழுதட்டுமா, இல்ல பில்ட்-இன்னே போதுமா?" என்று கேட்டான். லாக்குக்கு பில்ட்-இன்தான் என்றேன். ஸ்பின்லாக் என்பது, கிடைக்கும்வரை ப்ராசஸர் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கும் பூட்டு. இன்லைன் அசெம்பிளி என்றால் சி நிரலுக்குள் நாமே எழுதும் ப்ராசஸர் கட்டளை. பில்ட்-இன் என்றால் அந்தக் கட்டளையைக் கம்பைலரே உருவாக்கித் தரும் ஃபங்ஷன்.

இரண்டையும் ஒப்பிட எம்ஐடியின் பாடக் கர்னலான எக்ஸ்வி6 ஒன்றே போதும். அதன் பழைய எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர் வகை) பதிப்பு, இரண்டு மதிப்புகளை ஒரே அடியில் இடம் மாற்றும் எக்ஸ்சேஞ்ச் கட்டளையை அசெம்பிளியில் எழுதியது. முன்னால் 'லாக்' என்ற முன்னொட்டு வேறு. நினைவகத்தோடு செய்யும் எக்ஸ்சேஞ்சுக்கு அந்த முன்னொட்டே தேவையில்லை, ப்ராசஸர் தானாகப் பூட்டும். ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸருக்கான பதிப்பு அதே வேலையை ஒரே பில்ட்-இன்னில் முடித்துவிட்டது.

அசெம்பிளியின் தொல்லை கட்டளையில் இல்லை, கம்பைலருக்கு நாம் கொடுக்கும் வாக்குமூலத்தில் இருக்கிறது. மேற்கோளுக்குள் என்ன எழுதியிருக்கிறோம் என்று ஜிசிசி கம்பைலர் படிப்பதே இல்லை. 'வொலட்டைல்' என்ற சொல்லைப் போட்டால் அந்தத் துண்டைத் தூக்கி எறியாது, அவ்வளவுதான். அக்கம்பக்கத்துச் சாதாரண நினைவக அணுகல்களை நகர்த்தாது என்ற உத்தரவாதம் கிடையாது. அதற்கு 'மெமரி' கிளாபர், அதாவது 'இந்தத் துண்டு நினைவகத்தை மாற்றலாம்' என்ற அறிவிப்பு, வேண்டும். அதை விட்டுவிட்டால், லாக்குக்குள் இருக்க வேண்டிய கவுண்ட்டர் கூட்டல், நிரலை வேகப்படுத்தும் ஓ2 நிலையில் லாக்குக்கு வெளியே போய் உட்காரலாம். வேகப்படுத்தாத ஓ0-வில் எல்லாம் ஒழுங்காக ஓடும், அதுதான் எரிச்சல்.

ஆர்ம்64 ப்ராசஸரில் இன்னும் மோசம். அங்கே ஏற்றுவதும் எழுதுவதும் தனித்தனிக் கட்டளைகள். முதல் கட்டளை பழைய மதிப்பை ஒரு ரெஜிஸ்டரில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) ஏற்றும். முகவரியும் புது மதிப்பும் அடுத்த கட்டளைக்குத் தேவை. வெளியீட்டுக்கு '&' (இன்புட்டுகளைப் படித்து முடிக்கும் முன்பே இதில் எழுதப்படும் என்ற குறி) போடவில்லையென்றால், இன்புட் இருக்கும் அதே ரெஜிஸ்டரையே கம்பைலர் வெளியீட்டுக்கும் கொடுத்துவிடலாம். ஃபங்ஷன் இன்லைன் ஆகும் ஏதோ ஓரிடத்தில் மட்டும் உடையும். ஏற்றுவதையும் எழுதுவதையும் இரண்டு தனி அசெம்பிளித் துண்டுகளாகப் பிரிப்பதும் வேண்டாம். நடுவில் கம்பைலர் ஒரு ஸ்டோரை (நினைவகத்தில் எழுதும் கட்டளை) செருகினால், நடுவில் யாரும் குறுக்கிடவில்லையா என்று கவனிக்கும் எக்ஸ்க்ளூசிவ் மானிட்டர் கலைந்து, லாக் கிடைக்காமலே சுற்றிக்கொண்டிருக்கலாம்.

பில்ட்-இன்னில் இந்த வாக்குமூலமே வேண்டாம். ஜிசிசி 4.7-இல் வந்த 'அட்டாமிக்' வரிசையை எடுத்து, பூட்ட அக்வயர் (பின்னால் உள்ள அணுகல்கள் இதற்கு முன்னால் போகாது), திறக்க ரிலீஸ் (முன்னால் உள்ளவை இதற்குப் பின்னால் போகாது) என்று சொன்னால் போதும். கிளாங் கம்பைலரும் அதையே ஏற்கும். பழைய 'சிங்க்' வரிசை வேண்டாம், அதில் இந்த அக்வயர், ரிலீஸ் போன்ற ஆர்டரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

அதற்கும் ஒரு குசும்பு உண்டு. ஜிசிசி 10 முதல் ஆர்ம்64-இல் அட்டாமிக்கை நேரடியாக விரிக்காமல், ஜிசிசியின் துணை நூலகமான லிப்ஜிசிசியின் உதவி ஃபங்ஷனை அழைப்பதே வழக்கம். கர்னலில் லிப்ஜிசிசியை லிங்க் செய்ய மாட்டோம், எனவே அந்த ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று லிங்க்கர் கத்தும். அவுட்லைன்-அட்டாமிக்ஸ் எனப்படும் இந்த வழக்கத்தை அணைக்கும் ஃபிளாகைப் போட்டால் சரியாகும்.

"அப்போ லினக்ஸ் ஏன்ணா இன்னும் அசெம்பிளியில எழுதுது?" என்றான். நியாயமான கேள்வி. லினக்ஸுக்கு, சி மொழியின் சி11 தரத்திலிருந்து வேறுபட்ட சொந்த மெமரி மாடல் (நினைவக அணுகல்களின் வரிசை பற்றிய விதிகள்) இருக்கிறது. போதாக்குறைக்கு, ஒற்றை சிபியுவில் பூட் ஆனால் 'லாக்' முன்னொட்டுகளைத் தேடி அழிக்கும் ஏற்பாட்டையும் எக்ஸ்86-இல் வைத்தார்கள். எந்த பில்ட்-இன்னும் அந்த முகவரிகளைக் குறித்துக் கொடுக்காது. தம்பியின் கர்னலுக்கு இதெல்லாம் தேவைப்படாது. இன்டரப்டை அணைக்கும் ஒற்றை வரியை மட்டும் அசெம்பிளியில் எழுதச் சொன்னேன், மெமரி கிளாபரோடு.