லயத்துக்கு மேலே ஒரு கல்குவாரி: இலத்திரனியல் டெட்டனேட்டர் பாவித்த அனுபவம்

கல்குவாரியில் வெடி வைப்பது என் தொழில். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் ரோட்டுக்கும் வீட்டுக்கும் போகிற கருங்கல்லில் ஒரு பங்கு நாங்கள் உடைத்தது. இப்போது வேலை செய்யும் குவாரிக்கு நேர் கீழே, ஒரு தேயிலை மலையைத் தாண்டினால், வெள்ளைக்காரன் காலத்து லயம் ஒன்று, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, இருக்கிறது. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், மேலே தகரம். அந்தச் சுவர்களில் விழுந்த கீறல்களைப் பற்றித் தோட்டத்து ஆட்கள் விடாமல் முறையிட்ட பிறகுதான் எங்கள் முதலாளி, துளைக்குள் வெடிமருந்தைத் தூண்டிவிடும் இலத்திரனியல் டெட்டனேட்டருக்குச் சம்மதித்தார். கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி ஆட்களோடும் கருவிகளோடும் வந்து செய்து தருகிறது. வெயிலிலும் மழையிலும் அதில் வெடி போட்டுப் பார்த்துவிட்டேன். எடுக்கலாமா என்று யோசிக்கிற குவாரிக்காரர்களுக்காகவும், குவாரிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பக்கத்தில் வீடுகள் இருந்தால் எடுங்கள். சுற்றிலும் ஆளே இல்லாத காட்டுக் குவாரி என்றால் இவ்வளவு காசு கொட்டத் தேவையில்லை. என் முடிவு இதுதான்.

வெளியில் நிற்பவருக்கு ஒரே வெடியாகக் கேட்பது உண்மையில் ஒரு வெடி இல்லை. வரிசை வரிசையாகப் போட்ட துளைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒரு செக்கனுக்குள் வெடித்து முடிகின்றன. முன் வரிசைத் துளை கல்லைத் தள்ளி இடம் விட்டால்தான் பின் வரிசைக் கல்லுக்கு நகர வழி கிடைக்கும். வழி கிடைக்காவிட்டால் வெடிமருந்தின் பலம் கல்லை உடைப்பதில் செலவாகாமல் நிலத்துக்குள் இறங்கி, கீழே லயத்துச் சுவரில் போய் ஏறும். எங்கள் தொழிலில் மருந்தின் அளவு எவ்வளவு முக்கியமோ, நேரமும் அவ்வளவு முக்கியம்.

என் அப்பா காலத்தில் திரி. 1831இல் இங்கிலாந்தின் கோர்ன்வோலில் வில்லியம் பிக்ஃபோர்ட் கண்டுபிடித்த பாதுகாப்புத் திரியின் வழிவந்ததுதான் அது. ஒரு மீற்றர் எரிய ஏறத்தாழ இரண்டு நிமிடம் எடுக்கும். கொளுத்திவிட்டு விலகி நிற்க வேண்டியதுதான், மில்லிசெக்கன் (செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பேச்சுக்கே அங்கு இடமில்லை. மின்சார டெட்டனேட்டரில் மில்லிசெக்கன் தாமதம் 1940களில் வந்தது. 1970களின் தொடக்கத்தில் சுவீடனின் நைட்ரோ நோபல் கொம்பனி நோனெல் குழாயைக் கொண்டுவந்தது. மெல்லிய பிளாஸ்டிக் குழாய், உள்சுவரில் தூசு போலப் படிந்த மருந்து. செக்கனுக்குச் சுமார் 2,000 மீற்றர் வேகத்தில் அதற்குள் அதிர்வலை ஓடும். கம்பியே இல்லாததால் வழிதவறி வரும் மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. நான் தொழில் படித்தது நோனெலில்தான். இன்றைக்கும் அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் மின்சாரமோ நோனெலோ, தாமதத்தைத் தருவது டெட்டனேட்டருக்குள் எரியும் ஒரு மருந்துத் துண்டு. எரிகிற பொருள் ஒவ்வொரு தடவையும் ஒரே கணக்கில் எரியாது. நூற்றுக்கு ஒன்று, இரண்டு வீதம் முன்பின்னாகும். அது பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். துளைக்குள் 500 மில்லிசெக்கன் தாமதம் உள்ள டெட்டனேட்டர். வெளியே, சமிக்ஞை போய்ச் சேர்வதில் துளைக்குத் துளை 17 மில்லிசெக்கன், வரிசைக்கு வரிசை 42 மில்லிசெக்கன் தாமதம். முதல் வரிசையின் மூன்றாம் துளைக்குச் சமிக்ஞை 34இல் போகும், இரண்டாம் வரிசையின் முதல் துளைக்கு 42இல் போகும். இரண்டுக்கும் இடைவெளி வெறும் 8. ஐந்நூற்றில் ஒரு வீதம் என்றால் 5. முந்தையது 5 பிந்தி, பிந்தையது 5 முந்தினால் வரிசையே மாறிவிடும். 8 மில்லிசெக்கனுக்குள் வெடிக்கும் துளைகளின் மருந்தை ஒன்றாகக் கூட்டித்தான் அதிர்வைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்காவில் சுரங்கப் பணியகத்தின் ஆய்வுகளிலிருந்து வந்த பழைய விதி. ஆக, நாம் ஒரு துளை மருந்து என்று எழுதி வைத்திருப்போம், லயத்துச் சுவருக்குப் போய்ச் சேர்வது இரண்டு துளை மருந்தாக இருக்கும்.

இலத்திரனியல் டெட்டனேட்டரில் அந்த எரியும் தாமதத் துண்டு இல்லை. அதற்குப் பதில் ஒரு சிப், மின்னைச் சேர்த்து வைக்கும் ஒரு கொள்ளளவி, ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம். 1990களில் பல நாடுகளில் பரீட்சித்துப் பார்த்து, 2000ஐ ஒட்டி ஒரிக்கா கொம்பனியின் ஐ-கொன் போன்றவை சந்தைக்கு வந்தன. ஒரு மில்லிசெக்கன் படியில் எந்தத் துளைக்கும் எந்த நேரத்தையும் கொடுக்கலாம். பிசகு ஒரு வீதத்தில் நூறில் ஒரு பங்கு அளவுதான்.

களத்தில் வேலை இப்படி நடக்கிறது. மருந்து இறக்கி, மேலே சல்லிக்கல் போட்டு மூடிய பிறகு, கொம்பனிப் பையன் கையடக்கக் கருவியோடு துளை துளையாகப் போகிறான். கம்பியின் முனையில் உள்ள கிளிப்பைக் கருவியில் தொட்டதும் திரையில் அந்த டெட்டனேட்டரின் இலக்கம் வருகிறது. நேரத்தைப் பதிகிறான், கிளிப்பை நீண்ட கம்பியில் மாட்டுகிறான், அடுத்த துளைக்கு நகர்கிறான். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொன்றும் பதில் சொல்கிறதா என்று கருவி கேட்டுப் பார்க்கும். பதில் வராத துளை எது என்று திரையிலேயே தெரியும். இந்த ஒரு வசதிக்காகவே நான் இதற்கு முழுப் புள்ளி கொடுப்பேன். வெடிக்காமல் தங்கிய துளையைத் தேடிக் கற்குவியலுக்குள் இறங்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். வெடிக்கும் உத்தரவு கிடைத்த பிறகு ஒவ்வொரு டெட்டனேட்டரும் தன் கணக்கைத் தானே எண்ணுகிறது. முன் வரிசைக் கல் பறந்து கம்பியை அறுத்தாலும் பின் வரிசை நிற்காது.

சரி, கீழே என்ன நடந்தது? துளைகளின் ஆழத்தையும் மருந்தையும் மாற்றாமல், நேரத்தை மட்டும் மாற்றித்தான் முதல் வெடியைப் போட்டோம். அதிர்வு அளக்கும் கருவி லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இருந்தது. நோனெலில் வந்த அளவோடு பார்த்தால் தெளிவாகக் குறைந்திருந்தது. தொங்கல் காம்பராவில் (கடைசி அறையில்) இருக்கும் அம்மாயி சொன்னதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்: "சத்தம் அதே சத்தந்தான் தம்பி, ஆனா தகரம் ஆடல." அவர் சொன்னது மிகச் சரி. காதுக்குக் கேட்கும் சத்தம் பெரிதாகக் குறையவில்லை. சத்தமே இருக்காது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

அதிர்வின் அளவோடு, அது செக்கனுக்கு எத்தனை தடவை ஆடுகிறது (ஹேர்ட்ஸ்) என்பதையும் பார்க்க வேண்டும். சிறிய வீடுகள் 4 முதல் 12 ஹேர்ட்ஸ் வரையான மெதுவான அதிர்வுக்குத்தான் அதிகம் ஆடும். அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் 1980ஆம் ஆண்டு அறிக்கை, மெதுவான அதிர்வில் பழைய சாந்துச் சுவர் வீடுகளில் நிலம் ஆடும் வேகத்துக்குச் செக்கனுக்கு 12.7 மில்லிமீற்றரையும், 40 ஹேர்ட்ஸுக்கு மேல் 50 மில்லிமீற்றரையும் எல்லையாகச் சொன்னது. துளைகளுக்கு இடையிலான நேரத்தைச் சரியாக அமைத்தால் அதிர்வை ஹேர்ட்ஸ் கூடிய பக்கம் தள்ள முடிகிறது. எரியும் தாமதத்தில் இதைத் திட்டம் போட்டுச் செய்வது கஷ்டம்.

இங்கே அதிர்வைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது மழையால் வந்த சரிவு, வெடியால் அல்ல. ஆனாலும் அதற்குப் பிறகு மலையில் குடியிருப்பவர்கள் காலடியில் சின்ன நடுக்கம் வந்தாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறைக்கிற எதற்கும் செலவு செய்யலாம் என்பது என் எண்ணம்.

குறைகளும் உண்டு. விலை நோனெலைவிடப் பல மடங்கு. பெரிய பாறைத் துண்டுகள் குறைந்து, அவற்றை மறுபடி உடைக்கும் வேலையும் குறைந்ததால் ஒரு பகுதி திரும்பி வருகிறது, முழுவதும் வரவில்லை. மழையில் சேறு பட்ட கிளிப்புகளில் மின் கசிவு என்று கருவி காட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் துடைத்து மறுபடி மாட்டுவதற்குள் மூடுபனி இறங்கிவிடும், காவலுக்கு நிற்கிறவனின் கொடி தெரியாது. கருவியின் திரையில் ஆங்கிலம் மட்டும்தான். எங்கள் பையன்களில் நல்ல கை உள்ளவர்கள் அதனாலேயே ஒதுங்கி நிற்பது எனக்கு வருத்தம். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க அட்டையாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

எனக்குப் பெரிய கவலை வேறு. அதிர்வு குறைந்ததைக் கண்டதும் சில முதலாளிமார் துளைக்கு மருந்தைக் கூட்டலாமே என்று தொடங்குகிறார்கள். கூடாது. கிடைத்த பாதுகாப்பு கீழே இருப்பவர்களுக்குச் சேர வேண்டியது. அதே போல, கோணலாகப் போட்ட துளையை எந்தச் சிப்பும் திருத்தாது. துளைக்கு முன்னால் கல் மெலிந்திருந்தால், மில்லிசெக்கன் தவறாமல் வெடித்தாலும் கல் தெறிக்கும்.

இடிமின்னல் விஷயத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வழிதவறிய மின்சாரத்தை இது நன்றாகத் தாங்கும் என்றாலும், இடி கேட்டால் எந்த வகை டெட்டனேட்டராக இருந்தாலும் எல்லோரும் களத்தை விட்டுப் போக வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் எங்கள் பக்கம் பின்னேரம் ஆனால் இடி வரும். அதனால் காலையிலேயே மருந்து இறக்கி, மத்தியானத்துக்கு முன் வெடியை முடித்துவிடுகிறோம். ஆள் எடுக்கும்போது, வெடி முடிந்ததும் கருவியில் பதிவான நேரங்களின் அச்சுப்பிரதியும் அதிர்வு அளவும் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எங்கள் குவாரியில் அதன் ஒரு பிரதி தோட்டத்துத் தலைவரிடம் போகிறது.