கள்ளு போச்சு, சுக்கா இருக்கு

காரைக்குடியிலிருந்து கோவிலூர் போகிற வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகை கிடையாது, 'பழைய கள்ளுக்கடை' என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தியபோது திறந்து, பிறகு மூடி, 1981-ல் கள்ளுக்கு மறுபடி அனுமதி வந்ததும் திறந்து, அப்புறம் 1987-ல் ஒரேயடியாகத் தடை விழவும், தொட்டுக்கொள்ள வைத்த கறியையே முழுச் சாப்பாடாக்கிவிட்டார்களாம். "சரக்குதான் போச்சு தம்பி, சட்டி அதேதான்" என்றார் கல்லாவில் இருந்த ஐயா.

அதே சட்டியோ என்னவோ, ஆட்டுக்கறி சுக்காவில் சின்ன வெங்காயம் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கிய மாதிரி இருக்கிறது, கல்பாசி வாசனை கை கழுவிய பிறகும் விரலை விட்டுப் போகவில்லை. ரத்தப் பொரியல் வேண்டுமென்றால் 12 மணிக்குள் போய்விடுங்கள். மீன் குழம்பு சுமார்தான், புளி தூக்கல். மர மேசையில் கலயம் வைத்து வைத்து விழுந்த வட்டத் தடம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது, அதன்மேல்தான் இலை போடுகிறார்கள். கை கழுவுகிற இடம் மோசம், சொல்லியும் சரிசெய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். ஜிபே கிடையாது, காசு எடுத்துப் போங்கள்.