மேட் ஃபினிஷ்: திட்டு இல்லாமல் வர எந்த வழி?

மேட் (பளபளப்பில்லாத) கறுப்பு பெயிண்ட் அடித்த கார் பானட்டை வெயிலில் நிறுத்திவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அடித்தவரின் கை எங்கே தயங்கியது, எங்கே ஓடியது என்பது அப்படியே தெரியும். நான் முதலில் அடித்த பானட் ஷெட்டுக்குள் டியூப் லைட்டில் அம்சமாகத்தான் இருந்தது. வெளியே தள்ளியதும் வரி வரியாகப் பல் இளித்தது. பளபளப்பு கிளியர் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடித்துப் பழகிய பழக்கத்தில், கடைசியாக இன்னும் கொஞ்சம் ஈரமாக ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, போட்டதுதான் தப்பு. கனமாக விழுந்த நடுப்பகுதி லேசாக மின்னியது, ஓரங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வறண்டு கிடந்தன. பளபளப்பு கிளியரில் இப்படி ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டுத் தப்பித்துவிடலாம். மேட்டில் அந்த வழியே கிடையாது. தேய்த்த இடம் மட்டும் தனியாக மினுங்கும். ஸ்ப்ரே துப்பாக்கியிலிருந்து எப்படி விழுகிறதோ அதுதான் முடிவு.

காரணம் எளியது. மேட் கிளியருக்குள் மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இருக்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் படலம் சுருங்கும்போது, இந்தத் துகள்கள் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமாக்குகின்றன. விழும் ஒளி நேராகத் திரும்பாமல் சிதறிப்போகிறது. ஆக, படலத்தின் கனம், அது காயும் வேகம், துகள்கள் கலந்திருக்கும் விதம் ஆகிய மூன்றும் வண்டி முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது, இந்த மூன்றில் எத்தனையை நம் கையில் வைத்துக்கொள்கிறோம், எத்தனையைத் தயாரித்தவரிடம் விட்டுவிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

பேஸ் கோட் எனும் நிற அடுக்கை அடித்து, அதன் மேல் ரெடிமேடாக வரும் டூ-கே (ஹார்ட்னர், அதாவது இறுகவைக்கும் திரவம், கலந்து அடிக்கும் வகை) மேட் கிளியர் அடிப்பது முதல் வழி. முழு வண்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான். எவ்வளவு மேட் வர வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே அளந்து வைத்திருக்கிறார். நமக்கு மிச்சம், அடிக்கும் வேலை மட்டும். டப்பாவைத் திறந்ததும் அடிவரை குச்சி விட்டுக் கலக்க வேண்டும். துகள்கள் அடியில் தங்கியிருக்கும். மேலாக ஊற்றி அடித்தால் முதல் கதவு மின்னும், கடைசிக் கதவு சாம்பல் பூத்து நிற்கும்.

இதன் போட்டியாளர், சாதாரண பளபளப்பு கிளியரில், பளபளப்பைக் குறைக்கும் மேட்டிங் பேஸ்ட் கலப்பது. சாட்டின் (லேசான மினுக்கம்), அரை மேட், முழு மேட் என்று நாமே அளவை வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே உள்ள ஒரு மேட் பாகத்தோடு பொருத்த வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஆபத்தும் அந்தச் சுதந்திரத்தில்தான். கண்ணளவில் ஊற்றினால் போச்சு. தராசு வைத்து எடை போட்டே கலக்க வேண்டும். ஹார்ட்னர் விகிதத்தைக் கிளியருக்கு மட்டும் கணக்கிடுவதா, பேஸ்டையும் சேர்த்தா என்பது பொருளுக்குப் பொருள் மாறும். தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டைப் படிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். வண்டி முழுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு பேஸ்டையும் கிளியரையும் ஒரே பாத்திரத்தில் கலந்து வைத்துவிட்டு, அடிக்கும்போது மட்டும் பிரித்தெடுத்து ஹார்ட்னர் சேர்ப்பது புத்திசாலித்தனம். பாதியில் தீர்ந்து இரண்டாவது முறை கலந்தது முதலாவதோடு ஒத்துப்போவது அபூர்வம்.

மூன்றாவது, நிறமும் மேட்டும் ஒரே பெயிண்டில் வரும் சிங்கிள் ஸ்டேஜ். அடுக்கு குறைவு என்பதால் தவறுக்கான இடமும் குறைவு. பம்பர், வீல் ரிம், காடு மேடு ஏறும் வண்டி என்றால் தாராளமாக அடிக்கலாம். மெட்டாலிக் நிறத்துக்கு இது சரிவராது. நிறமி மேலேயே இருப்பதால், கை அடிக்கடி படும் கைப்பிடிப் பக்கம் சீக்கிரமே மெருகேறிவிடும். இரண்டு வருடம் ஓடிய வண்டியில் அந்த இடத்தைப் பார்த்தால் புரியும்.

ஸ்ப்ரே கேனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைடு மிரர் மூடி, கிரில் போன்ற சின்னப் பாகங்களுக்குச் சரி. பானட், ரூஃப் அளவுக்கு வந்தால் குறுகிய வீச்சும், அடிக்க அடிக்கக் கேன் குளிர்ந்து அழுத்தம் இறங்குவதும் பட்டை விழ வைக்கும். ஹார்ட்னர் இல்லாத ஒன்-கே கேனில் அடித்த பூச்சு பெட்ரோல் பட்டால் இளகும். அடியில் பொத்தானை அழுத்தினால் ஹார்ட்னர் கலக்கும் டூ-கே கேன் பரவாயில்லை, ஆனால் ஒருமுறை அழுத்திவிட்டால் ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

நன்றாக இருக்கும் பளபளப்பு வண்டியை ஸ்காட்ச் பிரைட் (தேய்க்கும் நார்) போட்டுத் தேய்த்தே மேட் ஆக்கிவிடலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. வேண்டாம். கீறல் எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கம் ஒளி இழுக்கும், அழுக்கு அதில் உட்காரும்.

சீரான மேட் மட்டும்தான் வேண்டும், பெயிண்ட் அடித்தே தீர வேண்டும் என்று இல்லை என்றால், வண்டி மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தாளான வினைல் ராப் எல்லாவற்றையும் தோற்கடித்துவிடும். பெயிண்டர்களுக்கு இது பிடிக்காது, இருந்தாலும் உண்மை. அந்த மேற்பரப்பு ஆலையில் உருவானது. யாருடைய மணிக்கட்டையும் நம்பி இல்லை. கீறல் விழுந்தால் அந்த ஒரு பாகத்தின் தாளை மட்டும் மாற்றலாம். கதவைத் திறந்தால் உள்ளே பழைய நிறம் எட்டிப் பார்ப்பதும், ஓரங்களில் தூக்கிக்கொள்வதும் அதன் குறைகள். அடியில் உள்ள பெயிண்ட் உரிந்துகொண்டிருந்தால் ராப்பும் நிற்காது. அடித்துக் காய்ந்த பின் தாள்போல் உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் கோட்டிங், பெயிண்டுக்கும் ராப்புக்கும் நடுவில். நான்கைந்து கை போட வேண்டியிருப்பதால் சிறு ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். மெல்லியதாக அடித்தால், கழற்றும் நாளில் ஒரே தாளாக வராமல் துண்டு துண்டாகக் கிழிந்து உயிரை வாங்கும்.

இனி, துப்பாக்கி பிடிக்கும் வழிகள் அனைத்துக்கும் பொதுவான விஷயம். துப்பாக்கியின் ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் பாதியாவது ஏற வேண்டும். கடைசிக் கையில் முக்கால் பங்கு ஏற்றினால் வரி விழுவது பெருமளவு குறையும். தூரம் ஏறக்குறைய 15 முதல் 20 சென்டிமீட்டர், துப்பாக்கி பரப்புக்குச் செங்குத்தாக. பலரும் கோட்டைவிடுவது ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே காத்திருக்கும் நேரத்தில்தான். முதல் கை முழுக்க மேட்டாக இறங்கும் வரை அடுத்ததைத் தொடக் கூடாது. ஒரு மூலையில் மட்டும் ஈரம் மின்னினாலும் பொறுங்கள். ஈரத்தை மூடி அடித்த இடம்தான் பின்னால் மேகம் போல் தெரியும். ஹீட்டரைப் போடுவதும் கடைசிக் கை சீராக மங்கிய பிறகுதான். டூ-கே என்றால் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கும், வெளிக்காற்று தரும் முகமூடி இல்லாமல் அடிக்காதீர்கள்.

பளபளப்பை எண்ணாகக் காட்டும் கிளாஸ் மீட்டர் (gloss meter) இருந்தால் நல்லது. ஒளி 60 டிகிரி சாய்வில் விழும்படி அளந்தால் பளபளப்பு கிளியர் 90-ஐ ஒட்டிக் காட்டும். 10-க்குக் கீழே போகும் மேட்டை 85 டிகிரியில் அளப்பது வழக்கம். மீட்டர் இல்லையென்றால் கண்ணைப் பரப்போடு ஒட்டித் தாழ்த்திப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது ஒளிந்திருந்த மினுக்கம் சாய்வில் அகப்பட்டுவிடும்.

நான் இப்போது வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரு தகட்டில் அடித்து, காய்ந்ததும் வெயிலுக்கு எடுத்துப்போகிறேன். பிடித்திருந்தால் பின்பக்கம் கலவை விகிதம், நாசில், அழுத்தம், எத்தனை கை என்று மார்க்கரில் எழுதிவைக்கிறேன். மேட் கதவில் நாளை ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யும் டச்சப் கிடையாது, கதவு முழுக்க மறுபடி அடிக்க வேண்டும். பக்கத்துக் கதவோடு அது பொருந்த வேண்டுமென்றால் அந்தத் தகடுதான் கையில் இருக்க வேண்டும்.